பர்மிட்டு யாருக்கு எவ்ளோன்னு பிரிக்கும்போது முதல்ல பேஸ் இயரை, அதாவது எந்த வருஷத்தை அடிப்படையா வைக்கிறாங்கன்னு கேளுங்க

நான் ராணிப்பேட்டை சிப்காட்ல ஒரு சின்ன கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், போல்ட்டு நட்டு செய்யற கம்பெனி, அதுல கொஞ்சம் ஜெர்மனிக்கும் போகுது. அங்க வாங்குறவங்ககிட்ட இருந்து ஒரு எக்செல் ஷீட்டு வந்துச்சு, ஒரு டன் போல்ட்டு செய்ய எவ்ளோ கார்பன் வெளிய போகுது, கரண்ட் எவ்ளோ, ஃபர்னஸ்க்கு என்ன எரிக்கிறீங்க, கம்பி எந்த மில்லுல வாங்குனீங்க, அந்த மில்லு இரும்பை எப்படி உருக்குதுன்னு வரிசையா கேள்வி. அதை நிரப்ப எனக்கு நாலு நாள் ஆச்சு, கம்பி விக்கிற டீலர் கிட்ட மில்லு விவரம் வாங்குறதுக்கே ரெண்டு நாள் போச்சு.

ஷீட்டை முதலாளிகிட்ட காட்டுனப்ப அவர் ஒண்ணு கேட்டாரு. "அவங்க ஊரு ஸ்டீல் கம்பெனிங்களுக்கு கார்பன் வெளிய விடற பர்மிட்டை இத்தினி வருஷமா சும்மா குடுத்துகினு இருந்தாங்களாமே, நம்மள மட்டும் இன்னாத்துக்கு கணக்கு கேக்குறாங்க?" அப்ப எனக்கு பதில் தெரியல. வாலாஜாவுக்கு பஸ்ல வரும்போதும் அதே நினைப்புதான், அப்புறம் ராத்திரி ராத்திரி உக்காந்து படிச்சேன். அவர் கேட்டதுல பாதி சரி. மீதி பாதியை எழுதலாம்னுதான் இது, ஏன்னா இது ஜெர்மனி சமாச்சாரம் மட்டும் இல்ல, நம்ம பாலாத்தங்கரைல ஏற்கனவே வேற பேர்ல நடந்தது.

எனக்கு இது புரிஞ்சதே ஏரியை வச்சுதான். எங்க தாத்தாவுக்கு காவேரிப்பாக்கம் ஏரி ஆயக்கட்டுல நிலம் இருந்துச்சு, பாலாறு அணைக்கட்டுல இருந்து கால்வாய் வழியா தண்ணி வந்து நிரம்புற ஏரி. ஏரில எவ்ளோ தண்ணி நிக்குதுன்னு முதல்ல பாப்பாங்க, பாதி ஏரின்னா எல்லாரும் பாதி நிலத்துலதான் நடணும்னு ஊர் கூடி பேசிடுவாங்க, அதுக்கப்புறம் நீர்கட்டி முறை வச்சு ஏக்கருக்கு இவ்ளோ நேரம்னு மடை திறந்து விடுவாரு. கார்பன் பர்மிட்டும் அடிப்படைல இதேதான். மொத்தமா இவ்ளோ டன் புகைதான் போகலாம்னு அரசாங்கம் ஒரு உச்சவரம்பு வைக்குது, அதை ஒரு டன்னுக்கு ஒரு பர்மிட்டுன்னு சீட்டு சீட்டா பிரிக்குது, வருஷக் கடைசில எவன் எவ்ளோ டன் விட்டானோ அவ்ளோ சீட்டை திருப்பிக் குடுக்கணும், மிச்சம் இருந்தா வித்துக்கலாம், பத்தலைன்னா வாங்கணும். இது வரைக்கும் எல்லாரும் ஒத்துக்குவாங்க. சண்டை எல்லாம் அந்த சீட்டை முதல் தடவை யாருக்கு எவ்ளோ குடுக்குறதுங்கறதுலதான், ஏன்னா சீட்டுக்கு விலை இருக்கு, விலை இருக்குன்னா அது சொத்து, சொத்தை பங்கு போடும்போது அண்ணன் தம்பியே அடிச்சுக்குறான், கம்பெனிங்க சும்மா இருக்குமா.

ஐரோப்பிய யூனியன் 2005ல இதை ஆரம்பிச்சப்ப ரொம்ப சுலபமான வழியா எடுத்தாங்க. பழைய வருஷங்கள்ல நீ எவ்ளோ புகை விட்டியோ அதை வச்சு உனக்கு இவ்ளோ சீட்டு, காசு இல்லாம. அதாவது நேத்து அதிகமா புகை விட்டவனுக்கு இன்னிக்கு அதிகமா சொத்து. ஏரில போன வருஷம் மோட்டார் போட்டு ராத்திரில திருட்டுத் தண்ணி எடுத்தவனுக்கு இந்த வருஷம் முறைல கூடுதல் நேரம் குடுக்குற மாதிரி. அதுவும் போக ஒவ்வொரு நாடும் தன்னோட கம்பெனிங்களுக்கு தாராளமா குடுத்துட்டாங்க, 2006 ஏப்ரல்ல ஒரு சீட்டு 30 யூரோ வரைக்கும் போச்சு, அப்புறம் நிஜமா விட்ட புகையோட கணக்கு வெளிய வந்ததும் தேவைக்கு மேல சீட்டு குடுத்திருக்காங்கன்னு தெரிஞ்சு விலை விழுந்துச்சு, 2007 கடைசில கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லாத விலைக்கு வந்துடுச்சு.

அதுல இன்னொரு விஷயம் நடந்துச்சு, அதைப் படிச்சப்பதான் எனக்கு கோவமே வந்துச்சு. கரண்ட் உற்பத்தி பண்ற கம்பெனிங்க சீட்டை இலவசமா வாங்கிட்டு, அந்த சீட்டோட மார்க்கெட் விலையை கரண்ட் ரேட்டுல ஏத்திட்டாங்க. இலவசமா வந்ததுக்கு எப்படி விலை ஏத்தலாம்னு தோணும். ஆனா யோசிச்சுப் பாருங்க, நம்ம நிலத்துல விளைஞ்ச நெல்லுதானே, கடைல வாங்கல இல்ல, அதனால மண்டி விலைக்கு கம்மியா வித்துடுவோமா? விக்க மாட்டோம். புகை விட்டா தீர்ந்து போற சீட்டு, விடாம வச்சிருந்தா வித்து காசாக்கலாம், அப்ப புகைக்குப் போற ஒவ்வொரு சீட்டும் அவங்களுக்கு செலவுதான், அதை ரேட்டுல சேர்த்துட்டாங்க. வீட்டுக்கு கரண்ட் வாங்குற ஜனங்க அதுக்காக கூடுதலா குடுத்த காசு கம்பெனி லாபமா போய் சேர்ந்துச்சு. நூல் பிடிச்ச மாதிரி பொருளாதாரப்படி சரிதான், ஆனா காத்து யாரோட சொத்து? எல்லாரோட சொத்தை ஒரு பத்து கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டு, அதுக்கு வாடகையையும் ஜனங்க கிட்டயே வாங்குனதுதான் நடந்தது.

அதனால 2013ல இருந்து முறையை மாத்துனாங்க, சில கிழக்கு ஐரோப்பிய நாடுங்களுக்கு மட்டும் சலுகை, மத்தபடி கரண்ட் உற்பத்திக்கு இலவசம் கிடையாது, ஏலத்துல வாங்கணும். எங்க ஊர்லயும் இதே ரெண்டு முறையும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சுன்னு அப்பதான் உறைச்சுது. ஏரித் தண்ணியை ஏக்கர் கணக்குல பிரிச்சுக் குடுத்தாங்க, ஆனா அதே ஏரியோட மீனை ஏலம் விட்டாங்க, ஏலத்துல வர்ற காசு பொதுவுக்குப் போகும். தண்ணி இல்லாம நடவு இல்ல, அதனால பங்கு. மீனு வியாபாரம், அதனால ஏலம். எதை எப்படி குடுக்கணும்னு எழுதப் படிக்கத் தெரியாத பெரியவங்களுக்கு தெளிவா தெரிஞ்சிருக்கு.

சரி, ஸ்டீல், சிமெண்ட் மாதிரி தொழிலுக்கு? அவங்களை ஏலத்துல முழுசா தள்ளுனா, கார்பனுக்கு காசு கேக்காத நாட்டுக்கு தொழிலை தூக்கிட்டு போயிடுவாங்கன்னு பயம். புகையும் குறையாது, வேலையும் போயிடும். அதனால அவங்களுக்கு இலவசம் தொடர்ந்துச்சு, ஆனா கணக்கு போடற விதம் மாறுச்சு, இதுதான் எனக்கு பிடிச்ச பகுதி. நீ போன வருஷம் எவ்ளோ புகை விட்டங்கறது கேள்வியே இல்ல. உன்னோட தொழில்ல ரொம்ப சிக்கனமா செய்யற முதல் 10 சதவீத ஆலைங்க ஒரு டன் சரக்குக்கு சராசரியா எவ்ளோ விடறாங்களோ அதுதான் அளவுகோல். உதாரணத்துக்கு சிமெண்டுக்கு அரைக்கிற சாதாரண கிளிங்கருக்கு (சூளைல சுட்ட கட்டி) 2013 முதல் 2020 வரைக்கும் அந்த அளவு ஒரு டன்னுக்கு 0.766 சீட்டு. நீ 0.76லயே செய்யறியா, இந்த அளவுகோல்படி உனக்கு சீட்டு போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். பழைய சூளையை வச்சுகினு 0.9 விடறியா, வித்தியாசத்தை காசு குடுத்து வாங்கு. முன்னாடியே செலவு பண்ணி சுத்தமா மாறுனவனுக்கு இதுல தண்டனை இல்ல, பலன் இருக்கு.

இங்க எங்க சித்தப்பா கதையை சொல்லியே ஆகணும். அவருக்கு ஒரு சின்ன டேனரி, வெட் ப்ளூ (குரோம்ல பதப்படுத்துன ஈரத் தோல்) வாங்கி ரீடானிங், டையிங், அதாவது மறுபடி பதப்படுத்தி சாயம் போட்டுத் தர்ற ஜாப் வொர்க் யூனிட்டு, நாலு ட்ரம். கழிவுத் தண்ணி எல்லாம் பைப் வழியா பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு போகும், ஒவ்வொரு ஷாப்பு வாசல்லயும் மீட்டரு, ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தினி கேஎல்தான்னு (ஒரு கேஎல்னா ஆயிரம் லிட்டர்) அளவு. எல்லாரும் ட்ரம்ல தோலை கழுவும்போது கதவை ஜாலி கதவா மாத்தி, குழாயை திறந்து விட்டு, தண்ணி ஓட ஓட கழுவுவாங்க. சித்தப்பா அதை நிறுத்திட்டாரு. ட்ரம்முக்குள்ள அளந்து தண்ணி ஊத்தி, பத்து நிமிஷம் ஓட விட்டு, வடிச்சு, மறுபடி அளந்து ஊத்தி, அப்படி ரெண்டு மூணு தடவை. கடைசி கழுவுத் தண்ணியை ஒரு தொட்டில பிடிச்சு அடுத்த லாட்டுக்கு முதல் கழுவுக்கு எடுத்துக்குவாரு. ஆளுங்க முதல்ல முணுமுணுத்தாங்க, தொட்டி கட்ட பம்பு வைக்க அவர் கைக்காசு போச்சு, சித்தி வளையல் ரெண்டு அடகுக்குப் போனது எனக்கே தெரியும். நாளைக்கு 40 கேஎல் போன இடத்துல 26 ஆச்சு. மீட்டரு ரீடிங்கை தினம் காலைல ஏழு மணிக்கு ஒரு நீளமான பச்சை அட்டை நோட்டுல எழுதுவாரு, தேதி, ரீடிங், எத்தினி தோல் போட்டோம், மூணே மூணு கட்டம்.

அப்புறம் ஒரு வருஷம், நிலையத்துல தாங்க முடியல, எல்லாருக்கும் அளவை புதுசா பிரிக்கணும்னு வந்துச்சு. எப்படி பிரிச்சாங்க தெரியுமா, கடைசி மூணு வருஷ மீட்டரு சராசரி, அதுல எல்லாருக்கும் 10 சதவீதம் வெட்டு. சித்தப்பாவுக்கு 26ல 10 சதவீதம் போக 23 சொச்சம். பக்கத்து ஷாப்பு, அதே நாலு ட்ரம், அதே வேலை, குழாயை திறந்து விட்டே கழுவுனவங்க, அவங்களுக்கு 50ல வெட்டு போக 45. அவங்க மறுநாளே சித்தப்பா மாதிரி அளந்து ஊத்த ஆரம்பிச்சாங்க, 20 கேஎல் மிச்சம் ஆச்சு. சித்தப்பாவுக்கு ஆர்டர் கூட வந்தப்ப தண்ணி அளவு இல்ல, குறைக்க இன்னும் எதுவும் பாக்கி இல்ல, கடைசில அந்த பக்கத்து ஷாப்பு கிட்டயே மாசம் இவ்ளோன்னு காசு குடுத்து 4 கேஎல் வாடகைக்கு வாங்குனாரு. மீட்டிங்ல எழுந்து நின்னு நோட்டை காட்டி "தோலுக்கு எவ்ளோ தண்ணின்னு பாருங்க சார், மொத்தமா எவ்ளோன்னு பாக்காதீங்க"ன்னு கேட்டிருக்காரு. "அதெல்லாம் எல்லாருக்கும் ஒரே ரூல்"னு உக்கார வச்சுட்டாங்க. வீட்டுக்கு வந்து சாப்பிடாம திண்ணைல உக்காந்திருந்தது இன்னும் கண்ணுல நிக்குது.

"ஒரே ரூல்"ங்கறது நம்ம ஊருக்கு புதுசு இல்ல. 1996 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டு வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட கேஸ்ல தீர்ப்பு குடுத்துச்சு, மாசு பண்ணவன்தான் காசு குடுக்கணும்ங்கற கொள்கை இந்தியச் சட்டத்துல சேர்ந்துடுச்சுன்னு சொன்ன பெரிய தீர்ப்பு, இன்னிக்கும் நாடு முழுக்க எடுத்துக் காட்டுறாங்க. அந்த கேஸ்ல கோர்ட்டு முன்னாடி வந்த கணக்குப்படி கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுசாவோ பாதியாவோ பயிருக்கு லாயக்கில்லாம போயிருந்துச்சு. அந்தத் தீர்ப்பு இல்லைன்னா இன்னிக்கு இருக்கற அளவுக்கு சுத்திகரிப்பும் இருந்திருக்காது, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அதுல போட்ட அபராதம் ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபா, நாலு ட்ரம்முக்கும் அதே, நாப்பது ட்ரம்முக்கும் அதே. பாதிக்கப்பட்டவங்களுக்கு இழப்பீடு எவ்ளோ, யார் கிட்ட எவ்ளோ வசூலிக்கணும்னு தனியா கணக்கு போட ஒரு ஆணையம் அமைக்கச் சொன்னாங்கங்கறது வேற. பாலாறு விஷயம் அதோட முடியல, 2025 ஜனவரி 30ல சுப்ரீம் கோர்ட்டு மறுபடி இதே டேனரி மாசுக்கு தீர்ப்பு சொல்ல வேண்டி வந்துச்சு.

இப்ப நம்ம நாட்டு கார்பன் கணக்குக்கு வரேன். 2022ல எரிசக்தி சேமிப்புச் சட்டத்தை திருத்துனாங்க, 2023ல கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் அறிவிச்சாங்க, 2025 அக்டோபர்ல முதல் தவணையா 282 ஆலைக்கு இலக்கு வந்துச்சு, சிமெண்ட் 186, காகிதம் 53, குளோர் ஆல்கலி (காஸ்டிக் சோடா, குளோரின் செய்யறது) 30, அலுமினியம் 13. இங்க ஐரோப்பா மாதிரி மொத்தப் புகைக்கு உச்சவரம்பு இல்ல. ஒரு டன் சரக்குக்கு எவ்ளோ கார்பன்ங்கற அளவுக்குத்தான் இலக்கு, 2023-24 வருஷத்தை அடிப்படையா வச்சு ஒவ்வொரு ஆலைக்கும் தனித்தனியா. இலக்கைவிட கீழ போனா, அந்த வித்தியாசத்தை உற்பத்தியால பெருக்கி அத்தினி கார்பன் கிரெடிட் சான்றிதழ் தருவாங்க, மேல போனா வாங்கி ஒப்படைக்கணும், இல்லைன்னா சான்றிதழோட சராசரி விலை மாதிரி ரெண்டு மடங்கு சுற்றுச்சூழல் இழப்பீடு கட்டணும்.

ஏரி பாஷைல சொன்னா, ஏக்கருக்கு எவ்ளோ தண்ணின்னு மட்டும் கணக்கு, எத்தினி ஏக்கர் நடறன்னு யாரும் கேக்க மாட்டாங்க. வளர்ற நாடு, உற்பத்தியை கட்டிப்போடக் கூடாதுன்னு இப்படி வச்சிருக்காங்க, அந்த நியாயம் எனக்கு புரியுது. சித்தப்பா அன்னிக்கு மீட்டிங்ல கேட்ட "தோலுக்கு எவ்ளோ தண்ணி"ங்கற பாதியும் இதுல இருக்கு. ஆனா அவரோட மத்த பாதி இல்ல. ஒவ்வொரு ஆலைக்கும் அதோட சொந்த 2023-24ல இருந்துதான் இலக்கு ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடியே கடன் வாங்கி, கழிவு சூட்டுல கரண்ட் எடுக்கற மெஷின் போட்டு, பாதி குறைச்ச ஆலை ஏற்கனவே கீழ நிக்குது, அங்க இருந்து இன்னும் ஒரு படி இறங்கறது ரொம்ப செலவு. எதுவும் செய்யாம இருந்தவனுக்கு முதல் ரெண்டு மூணு படி கைக்கெட்டுற தூரத்துலயே இருக்கு. எவ்ளோ குறைக்கணும்ங்கற சதவீதத்தை வச்சு இந்த வித்தியாசத்தை ஓரளவுக்கு சரிக்கட்டலாம்தான், ஆனா தொழிலுக்கு ஒரே அளவுகோல்னு வச்சா சரிக்கட்ட வேண்டிய வேலையே இல்லையே. கொஞ்ச வருஷம் ரெண்டையும் கலந்து வச்சு, படிப்படியா ஒரே அளவுக்கு வரணும்னு நான் நினைக்கிறேன்.

நம்ம நாட்டுலயே நல்லா வேலை செஞ்ச உதாரணம் ஒண்ணு இருக்கு, சூரத்து. 2019ல குஜராத் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்க இருக்கற ஆலைங்களுக்கு, பெரும்பாலும் ஜவுளி, சுமார் 300 ஆலை, புகைபோக்கில வர்ற தூசிக்கு பர்மிட்டு முறை கொண்டு வந்தாங்க. கார்பன் இல்ல, மூச்சுல போற தூசி. புகைபோக்கில மீட்டரு வச்சு விடாம அளந்தாங்க. பங்கீடு எப்படின்னா 80 சதவீதம் இலவசம், அதுவும் பழைய புகையை வச்சு இல்ல, பாய்லர், ஹீட்டர் எவ்ளோ பெருசுங்கற திறனை வச்சு, மீதி 20 சதவீதம் ஏலம். பாய்லர் கதவை திறந்து போட்டு ஓட்டுனவனுக்கும் ஃபில்டர் போட்டவனுக்கும் ஒரே சைஸ் பாய்லர்னா ஒரே பங்கு. ஆராய்ச்சி பண்ணவங்க பழைய முறைல இருந்த ஆலைங்களோட ஒப்பிட்டுப் பாத்ததுல தூசி 20லருந்து 30 சதவீதம் வரைக்கும் குறைஞ்சிருந்துச்சு. இந்த மாதிரி திட்டம் 2011 வாக்குல மத்திய அரசு பேசுனப்ப குஜராத், மகாராஷ்டிராவோட தமிழ்நாடும் அந்த முன்னோட்டப் பட்டியல்ல இருந்துச்சு. சூரத்துக்கு வந்தது நம்ம ராணிப்பேட்டைக்கும் வந்திருக்கலாம்னு நினைச்சா மனசு அடிச்சுக்குது.

முதலாளி கேட்டதுக்கு வரேன். ஐரோப்பால இலவசத்தை இப்ப குறைக்கிறாங்க. இரும்பு ஸ்டீல், அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், கரண்ட் இதெல்லாம் வெளிநாட்டுல இருந்து வந்தா எல்லைல கார்பன் கட்டணம், அதுக்கு பேரு சிபாம். 2023 அக்டோபர்ல இருந்து கணக்கு மட்டும் கேட்டாங்க, 2026 ஜனவரில இருந்து வர்ற சரக்குக்கு காசும். அதே வேகத்துல அவங்க ஊர் ஆலைங்களோட இலவச சீட்டும் குறையுது, 2026ல வெறும் 2.5 சதவீதம், 2030ல 48.5, 2034ல முழுசா. அது வரைக்கும் அவங்க ஆலைக்கு இலவசமா கிடைக்கிற பங்கு அளவுக்கு நம்ம சரக்குக்கும் கழிச்சுதான் கட்டணம். ஆக "நமக்கு மட்டும்"னு சொல்றது சரியில்லை, ஆனா "இத்தினி வருஷமா சும்மா குடுத்தாங்க"ங்கறது நூத்துக்கு நூறு நிஜம். போல்ட்டு ஸ்க்ரூ அந்தப் பட்டியல்ல இருக்கு. தோல் இல்ல. இதை சொன்னப்ப அவர் ரொம்ப நேரம் பேசல, அப்புறம் "அப்ப கம்பி வாங்கும்போதே மில்லு சர்ட்டிபிகேட்டையும் சேத்து கேளு"ன்னாரு. இப்ப பர்ச்சேஸ் ஆர்டர்லயே அந்த வரியை டைப் பண்ணி வச்சிட்டேன்.

நம்ம பக்கத்து சின்ன யூனிட்டு வச்சிருக்கறவங்க யாராவது படிச்சா, கார்பனோ தண்ணியோ தூசியோ, நாளைக்கு போர்டுல இருந்தோ அசோசியேஷன்ல இருந்தோ அளவு பிரிக்கறோம்னு கூப்பிட்டா, போன உடனே மூணு கேள்வி கேளுங்க. பேஸ் இயர் எது, மொத்தப் புகையை வச்சா இல்ல ஒரு யூனிட்டு சரக்கை வச்சா, ஏலம் விட்டா அந்தக் காசு எங்க போகுது. மூணாவது கேள்விக்கு என் பதிலையும் சொல்லிடறேன், பாலாத்தங்கரைல உப்புத் தண்ணி கிணத்தை வச்சுகினு லாரித் தண்ணி வாங்குற ஊருங்களுக்குப் போகணும்.

போன ஞாயித்துக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். சூரத்து கதையை சொன்னேன், பாய்லர் சைஸை வச்சு பங்கு குடுத்தாங்கன்னு. அவர் எதுவும் பேசாம உள்ள போய் நோட்டுங்களை எடுத்துகினு வந்தாரு, பச்சை அட்டை, மொத்தம் பதினொண்ணு, ஓரமெல்லாம் குரோம் தண்ணி பட்டு நீலமா கறை. "இன்னாமா, இத்த எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்த முடியுமா"ன்னு கேட்டாரு. முதல் நோட்டுல ஆரம்பிச்சிருக்கேன், தேதி, ரீடிங், தோல் எண்ணிக்கை, நாலாவதா நான் ஒரு கட்டம் சேர்த்தேன், ஒரு தோலுக்கு எத்தினி லிட்டர்னு. இன்னிக்கு ராத்திரி வரைக்கும் 212 நாள் முடிஞ்சிருக்கு.